தண்ணீரைக் கண்டு நின்ற குதிரை – கடிதம்

அன்புள்ள சார்,

நாங்கள் இங்கிலாந்தில், வார்விக்ஷைரில் இருக்கிறோம். என் மகள் வேறொருவரின் குதிரையை வாரத்தில் சில நாட்கள் பராமரித்து, அதிலேயே சவாரியும் பழகுகிறாள். போன மாதம் முதல்முறையாக ஈவென்டிங் என்ற மூன்று சுற்றுக் குதிரைப் போட்டியில், 90 செ.மீ. உயரத் தடைப் பிரிவில் கலந்துகொண்டாள். மணலில் வட்டம் போட்டு அடக்கத்தைக் காட்டும் டிரெஸாஜில் 31 பெனால்டி (குறைவாக இருந்தால் நல்லது), நான்காவது இடம். கட்டைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங்கில் ஒரு கட்டைகூட விழவில்லை. வயல்வெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரியில் தண்ணீர் வந்ததும் குதிரை நின்றுவிட்டது. மூன்று தடவை கொண்டுபோனாள், மூன்று தடவையும் நின்றது. வெளியேற்றிவிட்டார்கள். "சவுக்கால் நன்றாக ரெண்டு போட்டிருந்தால் போயிருக்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர். இவளோ குதிரைக்குக் கேரட் ஊட்டிக்கொண்டிருக்கிறாள்! குதிரை செய்ததற்கு இவள் ஏன் தோற்க வேண்டும்? தண்ணீரில் இறங்காத குதிரை மணலில் வட்டம் போட்டு நான்காவதாக வந்து என்ன பிரயோஜனம்?

மீ.

அன்புள்ள மீ.,

அந்தப் பக்கத்தில் நின்றவரை எனக்குத் தெரியும். எல்லாத் தண்ணீர்த் தடைக்கும் அருகே அவர் ஒருவர் நிற்பார். நான் குதிரை ஏறுபவன் அல்ல. கோடைக்கால வார இறுதிகளில் தடை நடுவராக, விசிலும் கிளிப்போர்டுமாக வயலோரம் உட்கார்ந்திருப்பவன். அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஓடப்போகும் பாதையை உங்கள் மகள் முன்பே நடந்து பார்த்திருப்பாள். எங்கே திரும்புவது, எந்த மரத்தை நேர்கோட்டில் வைத்துக்கொண்டு வருவது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். குதிரைக்கு அந்தச் சலுகை கிடையாது. பாதையை அதற்கு முன்கூட்டிக் காட்டக்கூடாது என்பது விதி. 90 செ.மீ. பிரிவில் நிமிடத்துக்கு 450 மீட்டர் வேகம், அதாவது வினாடிக்கு ஏழரை மீட்டர். அந்த ஓட்டத்தில்தான் அது தண்ணீரை முதல்முறை பார்க்கிறது. தண்ணீரின் மேல்பரப்பில் வானம் பிரதிபலித்து மின்னுகிறது, அடியில் தரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் கீழே இருப்பதும் அதற்குத் தெரியாது. நெருங்க நெருங்க, தான் கால் வைக்கப்போகும் இடமே பார்வையிலிருந்து மறைந்துவிடும். மேலே உட்கார்ந்திருப்பவர் 'போ, ஒன்றும் ஆகாது' என்று சொல்வதை நம்பித்தான் அது இறங்கியாக வேண்டும்.

நின்ற குதிரை அடம்பிடிக்கிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது சந்தேகம் கேட்கிறது. அந்த நேரத்தில் அடி விழுந்தால், தண்ணீர் என்றாலே வலி என்று அதற்கு ஊர்ஜிதமாகிவிடும். வெளியேற்றப்பட்ட பிறகு சவுக்கை எடுப்பது விதிப்படியே குற்றம். இது பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒரே தடையில் முதல் மறுப்புக்கு 20 பெனால்டி, இரண்டாவதுக்கு 40, மூன்றாவதுக்கு வெளியேற்றம். கடுமைதான். ஆனால் அது உங்கள் மகளுக்கான தண்டனையில்லை. போட்டியில் பெயர் கொடுத்தது அவளும் குதிரையும் சேர்ந்த ஜோடி. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தண்ணீர்த் தடையில் நடுவயதுப் பெண் ஒருவர் சாம்பல் நிறக் குதிரையில் வந்தார். இருபதடி தள்ளியே அதன் காதுகள் முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறித் திரும்ப ஆரம்பித்துவிட்டன. நின்றது. சுற்றிக் கொண்டுவந்தார், மறுபடி நின்றது. மூன்றாவது முயற்சி அவருக்கு இன்னும் பாக்கி. அவர் விலகிக்கொள்வதாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, லகானைத் தளர்த்தி, குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே நடை போட்டு வெளியேறினார். அன்று நான் பார்த்ததிலேயே நல்ல சவாரி அதுதான் என்பேன். உங்கள் மகளின் கேரட்டும் அந்த ரகம்.

அடுத்தது டிரெஸாஜ். நீங்கள் மட்டுமல்ல, ஓட்டுகிறவர்களிலேயே பாதிப்பேர் அதைத் திட்டுகிறார்கள். ஈவென்டிங் குதிரைப்படைக்காரர்களின் பரீட்சையாகப் பிறந்தது. அணிவகுப்பில் குதிரை அடக்கமாக நிற்க வேண்டும், களத்தில் காடுமேடு தாண்ட வேண்டும், அதற்கப்புறமும் வேலைக்கு லாயக்காக இருக்க வேண்டும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இது நுழைந்தபோது ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான் இடம். பெண்கள் ஒலிம்பிக் ஈவென்டிங்கில் இறங்க 1964 டோக்கியோ வரை ஆயிற்று.

ராணுவம் போய்விட்டது, டிரெஸாஜ் மட்டும் நிலைத்துவிட்டது. காரணம் இருக்கிறது. இறக்கத்தில் பாய்ந்து வரும் குதிரையின் அடியைச் சுருக்கி, பின்னங்காலில் எடையை ஏற்றி, நிதானமாகத் தண்ணீருக்குக் கொண்டுவர வேண்டும். மணலில் வட்டம் போடும்போது பழகுவது அதைத்தான். அங்கே கேட்காத குதிரை வயல்வெளியில் சுத்தமாகக் கேட்காது.

கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. நடுவர்கள் 69 சதவீதம் கொடுத்தால் அதை 100லிருந்து கழித்து 31 பெனால்டி. அதற்கப்புறம் ஏறத்தான் செய்யும், குறைய வழியே இல்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெங்களூரு வீரர் ஃபவாத் மிர்ஸா டிரெஸாஜில் 28 பெனால்டியோடு ஒன்பதாவதாக இருந்தார். மறுநாள் கிராஸ் கன்ட்ரியில் எந்தத் தடையிலும் தவறில்லை, நேரத்தில்தான் பின்தங்கினார். தாமதமான ஒவ்வொரு வினாடிக்கும் 0.4 வீதம் 11.20 கூடிவிட்டது. கடைசியில் 23ஆவது. ஆனாலும் 28இல் தொடங்கியதால்தான் இறுதிச் சுற்றுக்குள் அவரால் நுழைய முடிந்தது.

அதனால் நான்காவது இடம் வீண் இல்லை. குறை தண்ணீர்ப் பழக்கத்தில்தான் இருக்கிறது, அதைச் சரிசெய்யலாம். கிராஸ் கன்ட்ரி பயிற்சிக்கு வாடகைக்குத் திறந்துவிடும் இடங்கள் உங்கள் பக்கத்தில் கிடைக்கும். தண்ணீருக்கு அஞ்சாத அனுபவசாலிக் குதிரை ஒன்றை முன்னால் விட்டு, இதை அதன் வாலைப் பிடித்தபடி நடையிலேயே உள்ளே போகச் சொல்லுங்கள். உள்ளே நின்று காலால் அடித்து விளையாடட்டும். அப்புறம் டிராட் என்ற துள்ளோட்டம், அப்புறம் கேன்டர் என்ற மிதமான பாய்ச்சல். குதித்து இறங்குவதெல்லாம் கடைசியில். அவசரப்பட்டு அடுத்த வாரமே இன்னொரு போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. இந்தப் போட்டிகள் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கின்றன, தடை நடுவர்களுக்கு எப்போதும் பஞ்சம். உங்கள் மகள் ஓடாத பிரிவில் ஒருநாள் வந்து உட்காருங்கள். மதியச் சாப்பாடு கொடுப்பார்கள். சாண்ட்விச்தான், ஊறுகாய் நீங்களே கொண்டுவர வேண்டும்.