பால்கனிக் கதவைத் திறக்க அஞ்சும் தாய்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கணவருடன் வசிக்கிறேன். வயது 29. முதல் பிரசவம் இங்கேயே நடந்தது. மகளுக்கு இன்றோடு ஏழு வாரம். சேலத்திலிருந்து வந்து உடனிருந்த அம்மா, அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இருப்பதால், நாற்பதாம் நாள் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது மாமியார் வந்திருக்கிறார். குறை சொல்ல முடியாதபடி எல்லாம் செய்கிறார். ஆனால் குழந்தை அழும்போதெல்லாம், "பால் பத்தலை போலிருக்கு, பவுடர் பால் கரைச்சுக் கொடுக்கலாமே" என்கிறார். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை மகள் மார்பை விட்டு இறங்குவதே இல்லை என்பதால், அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கும் தோன்றுகிறது. பூண்டு, பால்சுறா எல்லாம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று வாரமாகக் காரணமில்லாமல் அழுகை வருகிறது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் வீடு நான்காவது மாடியில். அம்மா ஊருக்குப் போன மறுநாள் இரவு, ஏப்பம் வருவதற்காகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றேன். "இவளை இங்கிருந்து நீயே போட்டுவிட்டால்?" என்று ஓர் எண்ணம் வந்தது. உடம்பெல்லாம் நடுங்க உள்ளே ஓடி வந்தேன். அன்றிலிருந்து பால்கனிக்குப் போவதில்லை. குழந்தைத் துணிகளை நாற்காலிகளின் முதுகில் காயப்போடுகிறேன். இரவில் ஐந்தாறு முறை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். கணவரிடம் சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால், இது நீங்கள் அஞ்சுகிற நோய் அல்ல. பிள்ளை பெற்ற தாய்மார்களில் மிகப் பலருக்கு, குழந்தைக்குத் தங்கள் கையாலேயே ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் அழையாமல் வந்து போகிறது; வெளியே சொல்பவர்கள்தான் மிகக் குறைவு. அந்த எண்ணம் வந்ததும் நீங்கள் நடுங்கினீர்கள், குழந்தையுடன் உள்ளே ஓடி வந்தீர்கள், தாழ்ப்பாளைக் காவல் காக்கிறீர்கள். ஆசையாக இருந்தால் அது ஒருவரை இப்படி நடுங்க வைக்காது. குழந்தையைக் காப்பதற்காக எப்போதும் விழித்திருக்கும் மனம், தூக்கமின்மையால் அளவுக்கு மீறி எச்சரிக்கை செய்கிறது. பால்கனியைத் தவிர்ப்பதும் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பத் தொடுவதும் அந்த நேரத்துக்கு நிம்மதி தந்தாலும், "இங்கே உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது" என்ற பாடத்தையே மனத்துக்கு மறுபடியும் கற்றுக்கொடுக்கின்றன. அதனால்தான் பயம் குறையாமல் வளர்கிறது.

வேறுபாட்டையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யாரோ கட்டளையிடுவதுபோலக் குரல் கேட்பது, குழந்தையிடம் தீயசக்தி இருப்பதாக உறுதியாக நம்புவது, இரவு பகலாகத் தூங்காமலிருந்தும் களைப்பே தெரியாமல் பரபரப்பது, எண்ணம் அச்சம் தராமல் சரியென்றே தோன்றத் தொடங்குவது ஆகியவை வேறு நோயின், அதாவது பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோயின் அறிகுறிகள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில்தான் அது வருகிறது. வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்று உங்களுக்குத் தோன்றினாலும் அன்றே போக வேண்டும்.

அந்த எண்ணம் வந்த நாளைக் கவனித்தீர்களா? அம்மா ஊருக்குப் போன மறுநாள். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி நம் வீடுகளில் நாற்பது நாள் காப்பாற்றுவார்கள். பத்தியச் சோறும் மருந்தும் உடம்புக்கு. அவற்றைவிடப் பெரிய உதவி, நள்ளிரவில் குழந்தை முனகினால் பக்கத்துப் பாயில் இன்னொருத்தி எழுந்து உட்காருவதுதான் என்பது என் எண்ணம். அவர் போனதும் உங்கள் இரவுகள் ஆளில்லாமல் போயின. அந்த இடத்துக்கு இப்போது உங்கள் கணவர் வர வேண்டும். இரவு ஒன்பதரை மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறையில் படுங்கள். அடுத்த முறைக்கான பாலை முன்பே பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் (அங்கே நான்கு நாள் வரை கெடாது) அவரே புகட்டலாம். தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தூங்குவது இப்போது உங்களுக்கு மருந்தைப் போன்றது.

பாலைப் பற்றிய கவலைக்கு விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஆறாவது வாரத் தடுப்பூசியின்போது எடை போட்டிருப்பார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு மீண்டு, அதன்பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் ஏறியிருந்தால், தினமும் ஆறு முறைக்குக் குறையாமல் துணி நனைந்தால், பால் போதுமானதாக இருக்கிறது. இந்த வயதில் குழந்தைகள் சாயங்காலங்களில் விடாமல் குடிப்பதும் அழுவதும் வழக்கம். அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். தேவையில்லாமல் பவுடர் பால் கொடுத்தால் மார்பில் குடிப்பது குறைந்து, சுரப்பும் குறைந்துவிடும். உங்கள் மாமியார் அக்கறையால்தான் சொல்கிறார்; ஆனாலும் அந்தச் சொல் உங்களைக் காயப்படுத்துகிறது. எடை அட்டையைக் காட்டி அவரிடம் பேச வேண்டியவர் நீங்கள் அல்ல, அவருடைய மகன்.

மூன்று வார அழுகையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரசவத்துக்குப் பின் இயல்பாக வரும் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். உங்கள் ஊரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாய்மார்களுக்கென்றே தனி மனநலப் பிரிவு இருக்கிறது. உள்நோயாளியாகச் சேர நேர்ந்தாலும் தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கிறார்கள். குழந்தையைப் பிரிப்பார்கள் என்ற உங்கள் அச்சத்துக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். முதலில், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோல் என்னும் பத்துக் கேள்விகளைக் கேட்கக்கூடும், தமிழிலும் உண்டு. தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை தேவைப்பட்டாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், டெலி மானஸ் என்னும் அரசின் மனநல ஆலோசனைச் சேவையின் இலவச எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

கணவரிடம் இன்றிரவே சொல்லுங்கள். சொற்கள் கிடைக்காவிட்டால் இதையே சொல்லுங்கள்: "குழந்தைக்கு என் கையால ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வருது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஆனா ரொம்பப் பயமா இருக்கு. என்கூட டாக்டர்கிட்ட வாங்க." சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒரு காலை வேளையில், அவர் பக்கத்தில் நிற்க, பால்கனியில் ஒரே ஒரு துணியை மட்டும் காயப்போட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.