அதிக ஓட்டு வாங்கித் தோற்ற அட்லி

அன்புள்ள சார்,

பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இலவச மருத்துவம் தந்து, சுரங்கங்களையும் ரயில்வேயையும் நாட்டுடைமை ஆக்கிய லேபர் கட்சியை 1951-ல் மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே? சர்ச்சில் மேல் அவ்வளவு மோகமா, இல்லை ஜனங்களுக்கு நன்றியே கிடையாதா? சர்ச்சில் வந்ததும் இலவச மருத்துவம் என்ன ஆனது?

கே.

அன்புள்ள கே.,

ஜனங்களைத் திட்டுவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம். 1951 அக்டோபர் 25 அன்று பிரதமர் அட்லியின் லேபர் கட்சிக்கு விழுந்தது சுமார் 1 கோடியே 39 லட்சம் ஓட்டு. 1950 தேர்தலில் வாங்கியதைவிட 6 லட்சத்துக்கும் மேல் கூடுதல். சர்ச்சிலின் கன்சர்வேடிவ் அணிக்கு 1 கோடியே 37 லட்சம்தான். (வட அயர்லாந்தில் அந்த அணியின் 4 பேர் போட்டியின்றி ஜெயித்ததால் அங்கே ஓட்டுப்பதிவே இல்லை. அதைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் குறையும்.) ஆனால் இடங்கள் அவர்களுக்கு 321, லேபருக்கு 295. சுரங்க ஊர்களில் லேபர் பெட்டி பெட்டியாக ஓட்டு வாங்கி, ஏற்கெனவே ஜெயித்த தொகுதியையே மறுபடி மறுபடி ஜெயித்துக்கொண்டிருந்தது.

முடிவைத் திருப்பியது மூன்றாவது கட்சியான லிபரல் கட்சியின் காலிப் பை. 1950-ல் 475 பேரை நிறுத்தி 319 இடங்களில் டெபாசிட் பறிகொடுத்தார்கள். அடுத்த தேர்தலில் 109 பேரைத்தான் நிறுத்த முடிந்தது. மற்ற தொகுதிகளில் அவர்களுடைய ஓட்டு அனாதையாக நின்றது. அதில் பெரும்பகுதியை கன்சர்வேடிவ்கள் அள்ளிக்கொண்டார்கள். வட இங்கிலாந்து நகரங்களான போல்டனிலும் ஹடர்ஸ்ஃபீல்டிலும் இந்த இரண்டு கட்சிகளும் பேசிவைத்து ஆளுக்கொரு தொகுதியாகப் பங்கே போட்டுக்கொண்டன.

சரி, அதிருப்தியே இல்லையா என்றால், இருந்தது. போர் முடிந்து ஆறு வருஷம் ஆகியும் ரேஷன் போகவில்லை. 1951 தொடக்கத்தில் ஓர் ஆளுக்கு வாரத்துக்கு 8 பென்ஸ் மதிப்புள்ள இறைச்சிதான். போர்க்காலத்தில்கூட அவ்வளவு குறைந்ததில்லை. குடும்பத் தலைவிகள் கறிக்கடை வரிசையில் நின்றபடி ஆட்சியைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்கு 3 லட்சம் வீடு என்று கன்சர்வேடிவ்கள் கொடுத்த வாக்குறுதியும் நன்றாக எடுபட்டது.

அப்புறம் கொரியப் போர். ஆயுதங்களுக்கு மூன்று வருஷத்தில் 470 கோடி பவுண்ட் என்று திட்டம். அதற்கு நடுவே நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியே தரட்டும் என்றார். முதல் வருஷம் அதில் மிச்சமாகக்கூடியது 1 கோடியே 30 லட்சம் பவுண்ட். இந்தச் சில்லறைக்காக, மருத்துவச் சேவையை உருவாக்கிய பெவனே ஏப்ரலில் ராஜினாமா செய்தார். கூடவே அமைச்சர்கள் ஹரால்டு வில்சனும் ஜான் ஃப்ரீமனும் போனார்கள். முந்தைய நிதியமைச்சர் கிரிப்ஸ் நோயில் முன்பே விலகியிருந்தார். வெளியுறவு அமைச்சராக இருந்த பெவின் (இவர் வேறு, பெவன் வேறு) அதே மாதம் இறந்துவிட்டார். நாடாளுமன்றத்தில் லேபரின் பெரும்பான்மையோ வெறும் 5.

ஆனாலும் என்னைக் கேட்டால், பெரிய தப்பு தேதியில்தான். நாடாளுமன்றத்துக்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் ஆயுள் இருந்தது. மன்னர் ஆறாம் ஜார்ஜ் 1952-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போவதாக இருந்தார். நாட்டில் நிலையில்லாத ஆட்சி இருக்கும்போது கிளம்ப அவருக்குத் தயக்கம். அதனால் அட்லி 1951 செப்டம்பரிலேயே தேர்தலை அறிவித்துவிட்டார். அதே மாதம் மன்னருக்கு நுரையீரல் அறுவை சிகிச்சை. பயணம் போகாமலே பிப்ரவரியில் காலமானார். போரால் ஏறியிருந்த இறக்குமதி விலைகள் அடுத்த வருஷம் இறங்கின. ரேஷனும் படிப்படியாகப் போய் 1954-ல் முழுக்க ஒழிந்தது. நல்ல பேரெல்லாம் சர்ச்சிலுக்கு. இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருந்தால் அட்லி தப்பித்திருப்பார் என்பது என் கணிப்பு.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மருத்துவச் சேவையைச் சர்ச்சில் ஒழிக்கவில்லை. 1952-ல் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் போட்டதோடு சரி. அந்தக் கட்டணத்தை வசூலிக்க அதிகாரம் தரும் சட்டத்தை 1949-லேயே நிறைவேற்றி வைத்திருந்தது அட்லியின் அரசுதான்.