கேள்வி-பதில்: சத்தம் வராத பழைய கம்ப்யூட்டருக்குப் புது சவுண்டு கார்டு வாங்கலாமா?

கேள்வி (சாட்ஸ்வர்த் வாசகி): வணக்கம் அண்ணா. அப்பாவுடைய பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது, 2008 வாக்கில் வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி இருந்தவரைக்கும் பாட்டெல்லாம் நன்றாகக் கேட்டது. போன மாதம் என் மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 10 போட்டான், அன்றிலிருந்து சத்தமே இல்லை. கடையில் கேட்டால் சவுண்டு கார்டு செத்துவிட்டது, புதுசு போடவேண்டும், டிரைவர் ஏற்றுவதற்குத் தனிக் காசு என்கிறார்கள். மகன் இணையத்தில் ஏதோ டிரைவர் தேடித் தரும் புரோகிராமை இறக்கினான், அது உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழசு என்று சிவப்பில் பயமுறுத்திவிட்டு பேங்க் கார்டு நம்பர் கேட்கிறது. எனக்கு வேண்டியது, அப்பா மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் பதிவு செய்த தெருக்கூத்து கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மட்டும்தான். கார்டின் மேல் சவுண்டு பிளாஸ்டர் லைவ் என்று போட்டிருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், அந்தப் புரோகிராமுக்குக் கார்டு நம்பரும் கொடுக்காதீர்கள். எக்ஸ்பியில் பாடிக்கொண்டிருந்த கார்டு விண்டோஸ் மாற்றிய அன்றைக்கே ஊமையானால் அது செத்திருக்க வாய்ப்பு குறைவு. சவுண்டு பிளாஸ்டர் லைவ் 1998-இல் வந்த கார்டு. அதற்கு எக்ஸ்பியிலேயே டிரைவர், அதாவது விண்டோஸைக் கார்டோடு பேச வைக்கும் சின்னப் புரோகிராம், உண்டு, அதனால்தான் அப்பா காலத்தில் யாரும் எதையும் ஏற்றாமலே வேலை செய்தது. எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டா வந்தபோது, கார்டைச் செய்த கிரியேட்டிவ் நிறுவனம் இந்தப் பழைய லைவுக்குப் புது டிரைவர் தரவில்லை, விண்டோஸ் 10-க்கும் கிடையாது. ஆர்வலர்கள் செய்த டிரைவர்கள் இணையத்தில் சுற்றுகின்றன, சிலருக்கு ஓடவும் ஓடுகின்றன, ஆனால் 64 பிட் விண்டோஸ் டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரைச் சேர்க்காது, அதைச் சேர்க்க வைக்கப் பாதுகாப்பைத் தளர்த்தவேண்டும். கேசட் ஏற்றுவதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

முதலில் மகனிடம் சொல்லி ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர் என்ற பெயரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒன்று நிற்கும். அதைத் திறந்தால் கோட் 28 என்று இருக்கலாம், டிரைவர் இல்லை என்று பொருள். அப்புறம் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்று தேர்ந்தெடுத்தால் நீளமான ஒரு வரி வரும், அதில் வென் என்பதற்குப் பின்னால் நான்கு எழுத்து, டெவ் என்பதற்குப் பின்னால் நான்கு எழுத்து. முதல் நான்கு யார் செய்தது, அடுத்த நான்கு எந்தச் சில்லு. 1102 என்றால் கிரியேட்டிவ், 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 1106 என்றால் வியா. உங்களுடையது பெரும்பாலும் 1102, 0002 என்றுதான் காட்டும். அப்படிக் காட்டினால் கார்டு உயிரோடு இருக்கிறது, தன் பெயரைச் சொல்கிறது, விண்டோஸுக்குத்தான் அதனோடு பேசத் தெரியவில்லை. கடைக்காரர் இந்த வரியைப் பார்த்தாரா என்று கேட்டுப் பாருங்கள், பதிலை வைத்தே மற்றதைத் தெரிந்துகொள்ளலாம்.

பட்டியலில் எதுவுமே வராவிட்டால் கதை வேறு. மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். டர்பன் பக்கத்துக் கடல் காற்றுக்கு இந்த விளிம்பு மங்கிப்போவது சாதாரணம்.

சரி, கார்டு உயிரோடு இருந்தும் டிரைவர் இல்லையென்றால் என்ன செய்வது? 2008 வாக்கில் வந்த மதர்போர்டுகளில் சத்தத்துக்கான சில்லு போர்டிலேயே இருக்கும், பெரும்பாலும் ரியல்டெக். தனிக் கார்டு செருகியவர்கள் அதை பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்னால் திறக்கும் அமைப்புத் திரையில், அணைத்து வைப்பது வழக்கம். அதைத் திரும்ப எழுப்பினால் போதும், ஒரு ராண்ட் செலவில்லை. கம்ப்யூட்டர் தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போய், ஆன்போர்டு ஆடியோ அல்லது ஹெச்டி ஆடியோ என்று இருப்பதை எனேபிள்டு என மாற்றிச் சேமியுங்கள். லைவ் கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஹெச்டி ஆடியோ என்ற முறை 2004-இல் வந்தது, அதற்கு விண்டோஸ் 10 தன்னிடமுள்ள பொது டிரைவரையே போட்டுக்கொள்ளும். ஸ்பீக்கர் வயரைப் பின்னால் போர்டின் பச்சைத் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள், எல்லாம் சரியாக நடந்தும் வயர் பழைய கார்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. பொது டிரைவரில் ஏதாவது குறைந்தால் போர்டின் மேல் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அதைச் செய்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே இலவசமாக இறக்குங்கள். முதலில் சிப்செட் (போர்டின் முக்கியச் சில்லுகள்) டிரைவர், அப்புறம் ஆடியோ.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. லோட் ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் மணிக்கணக்காக மின்சாரம் இல்லாமல் கிடந்த பழைய பெட்டிகளில் போர்டின் மேலுள்ள காசு மாதிரி பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருக்கும். அது தீர்ந்தால் பயாஸில் நீங்கள் மாற்றியது நிற்காது. கடிகாரமும் பழைய வருஷத்துக்குப் போய்விடும், அதனால் டிரைவர் இறக்கும் இணையப் பக்கங்களும் சான்றிதழ் சரியில்லை என்று திறக்காது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி தப்பாக இருந்தால் முதலில் அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

இனி கேசட் விஷயம். இதில்தான் மக்கள் காசை விடுகிறார்கள். கடையில் விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி சவுண்டு அடாப்டர் கொடுப்பார்கள், டிரைவர் வேண்டாம், செருகினால் பாடும், விலையும் குறைவு. கேட்பதற்கு அது போதும். பதிவு செய்ய ஆகாது, ஏனென்றால் அதில் இருப்பது மைக் துளை, பெரும்பாலும் மோனோ. அப்பாவின் டேப் இரண்டு சேனலில் இருந்தால் ஒன்று போய்விடும், மைக் துளை சத்தத்தைப் பெருக்குவதால் மத்தளமும் தாளமும் வரும் இடமெல்லாம் கிழிந்து கேட்கும். உங்களுக்கு வேண்டியது லைன் இன், பின்னால் இருக்கும் நீல நிறத் துளை. அது உங்கள் போர்டில் ஏற்கெனவே இருக்க வேண்டும், திருப்பிப் பாருங்கள். டேப் டெக்கில் சிவப்பு வெள்ளை லைன் அவுட் இருந்தால் அதிலிருந்து 3.5 மிமீ முனைக்கு வரும் வயர் ஒன்று போதும். வெறும் கேசட் பிளேயர் என்றால் ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கலாம், ஒலியைப் பாதி அளவில் வையுங்கள். அடாசிட்டி என்ற இலவசப் புரோகிராமில் லைன் இன்னைத் தேர்ந்தெடுத்து ஸ்டீரியோவில் பதியுங்கள், கோடு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூத்தில் கட்டியங்காரன் மெதுவாகப் பேசுகிற இடத்தை வைத்து அளவு பார்க்காதீர்கள், எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்தை ஓடவிட்டுப் பாருங்கள்.

நீலத் துளை இல்லவே இல்லை என்றால்தான் வாங்கவேண்டும், அப்போதும் ஸ்டீரியோ லைன் இன் உள்ள யூஎஸ்பி பெட்டியாக வாங்குங்கள். பெரிங்கர் யூசிஏ202 அப்படிப்பட்டது, டேப் டெக் வயரை நேராகச் செருகலாம், விண்டோஸிலும் லினக்ஸிலும் தனி டிரைவர் இல்லாமல் ஓடும். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. கேசட் ஏற்ற அது தடையில்லை, பேங்க் வேலையை மட்டும் அந்தப் பெட்டியில் செய்யாதீர்கள்.

அந்தக் கடைக்கே திரும்பப் போவதானால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைக் கடையில் ஒப்படைத்த பிறகு மதிப்பீடு தந்து உங்கள் சம்மதம் வாங்காமல் பழுதுபார்த்த காசு கேட்கக்கூடாது, வேண்டுமானால் மதிப்பீடு வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது இவ்வளவுக்கு மேல் போகாதே என்று முன்பே உச்சவரம்பு சொல்லியிருக்க வேண்டும். சோதித்துப் பார்த்ததற்கு மட்டும் காசு என்றாலும் அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கழற்றிய பழைய கார்டு உங்களுடையது, நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய திருப்பித் தரவேண்டும். புதிதாகப் போட்ட பாகத்துக்குக் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்): இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடையில் புதுப்பித்த கம்ப்யூட்டர் வாங்கினேன். முன்பக்க ஹெட்போன் துளையில் சத்தம் வரவில்லை, பின்னால் வருகிறது. கடைக்காரர் இது சாஃப்ட்வேர் கோளாறு, நாங்கள் பொறுப்பில்லை, பில்லிலேயே ஃபூட்ஸ்டூட்ஸ் என்று போட்டிருக்கிறோம், பார்க்கவில்லையா என்கிறார்.

பதில்: ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிறபடியே குறையோடு விற்கிறோம், என்ற அந்த வார்த்தையைப் பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தொழிலாகப் பொருள் விற்கிறவருக்கு அது பொதுவாகச் செல்லாது. அதே நுகர்வோர் சட்டப்படி, பழைய பொருளாக இருந்தாலும் வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் திருப்பித் தரலாம், சரிசெய்வதா, மாற்றித் தருவதா, காசா என்று சொல்வது நீங்கள். சரிசெய்த பிறகு மூன்று மாதத்துக்குள் அதே குறை வந்தால் மாற்றித் தரவேண்டும் அல்லது காசைத் தரவேண்டும். முன்பக்கத் துளை வேலை செய்யாது என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் சரி என்று ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு. சாஃப்ட்வேரா ஹார்ட்வேரா என்ற பேச்சே வேண்டாம், ஒரு கம்ப்யூட்டராக விற்றார், கம்ப்யூட்டராக அது வேலை செய்யவேண்டும். முதலில் எழுத்தில் கேளுங்கள், மசியாவிட்டால் நுகர்வோர் புகார்களைக் கேட்கும் அமைப்பான நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்புட்ஸ்மனிடம் புகார் கொடுக்கலாம், உங்களுக்குச் செலவில்லை.

ஆனாலும் சண்டைக்குப் போகும் முன்னால் ஒன்றைப் பாருங்கள், சில நேரம் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. புதுப்பித்த பெட்டி என்றால் பெரும்பாலும் ஒரு பழைய கேஸுக்குள் வேறு போர்டு. முன்பக்கத் துளைகளிலிருந்து வரும் வயரின் முனையில் ஏசி97 (பழைய ஒலி முறை) என்று ஒன்று, ஹெச்டிஏ (ஹெச்டி ஆடியோ) என்று ஒன்று, இரண்டு செருகிகள் இருக்கலாம். போர்டு ஹெச்டி வகையாக இருந்து ஏசி97 செருகியைப் போட்டிருந்தால், ஹெட்போன் செருகியதே அதற்குத் தெரியாது, ஊமையாகவே இருக்கும். ஹெச்டிஏ செருகிக்கு மாற்றுங்கள். ஏசி97 மட்டும்தான் இருக்கிறதென்றால் ரியல்டெக் மேனேஜரில் முன்பக்கத் துளையைக் கண்டறிவதை நிறுத்தும் ஒரு டிக் பெட்டி உண்டு, அல்லது பயாஸில் ஃப்ரன்ட் பேனல் வகையை ஏசி97 என்று மாற்றலாம். கேஸைத் திறந்தால் கேரண்டி போய்விடும் என்று கடைக்காரர் மிரட்டுகிற ஆளானால் திறக்காதீர்கள், அவரையே திறக்கச் சொல்லி இந்தச் செருகியைக் காட்டுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், கல்லூரி மாணவர்): அண்ணா, பழைய கேம் ஆட ஒரு சவுண்டு பிளாஸ்டர் லைவ் தேடுகிறேன். கம்ட்ரீ என்ற விளம்பரத் தளத்தில் ஒருவர் விற்கிறார், எல்லா விண்டோஸிலும் ஓடும் என்கிறார். நம்பலாமா? இல்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டால் டிரைவர் தொல்லையே இல்லை என்கிறார்களே?

பதில்: தம்பி, லைவ் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சில்லுகள் விற்றன. டிவைஸ் மேனேஜரில் டெவ் என்பதற்குப் பின்னால் வரும் எண் 0002 என்றால் அசல் லைவ், 0006 என்றால் டெல் கம்ப்யூட்டர்களோடு வந்தது, 0007 என்றால் பின்னால் வந்த லைவ் 24 பிட். ஒன்றின் டிரைவர் மற்றதற்குச் சேராது. கார்டில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்: எஸ்பி0060, எஸ்பி0220 என்றால் அசல், எஸ்பி0200 என்றால் டெல், எஸ்பி0410 என்றால் 24 பிட். பழைய கேமுக்கு அசல் லைவும் எக்ஸ்பியும்தான் ஜோடி. கேமின் ஒலியைக் கார்டே நேராகக் கையாளும் வழியை விஸ்டாவிலிருந்து விண்டோஸ் எடுத்துவிட்டது, கார்டு ஓடினாலும் பழைய கேம்களில் அது தரும் எதிரொலி எஃபெக்ட் வராது. எக்ஸ்பி பெட்டியை இணையத்தில் இணைக்காதே, அதற்கான ஆதரவு 2014-லேயே முடிந்தது. உன் போர்டில் பழைய வெள்ளை பிசிஐ துளை இருக்கிறதா என்றும் பார், புதிய போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் மட்டும்தான், கார்டு உள்ளேயே போகாது.

மின்ட் விஷயம் உண்மைதான், அந்த மூன்று சில்லுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், அதில் சத்தம் வந்தால் கார்டு நல்ல கார்டு. வராவிட்டால் கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலில் ஆல்சாமிக்சர் என்ற கட்டளையைத் திற. எம்எம் என்று தெரிகிற கோடெல்லாம் மியூட், எம் விசையைத் தட்டினால் திறக்கும். அசல் லைவில் அனலாக் டிஜிட்டல் அவுட்புட் ஜாக் என்று கடைசிப் பக்கம் ஒளிந்திருக்கும் ஒரு பொத்தான் உண்டு, அது டிஜிட்டலில் நின்றால் எல்லாக் கோடும் ஏறியிருந்தும் ஸ்பீக்கர் வாயைத் திறக்காது. அதையும் பார்த்துவிட்டு விலை பேசு. தனி ஆளிடம் வாங்கும்போது மேலே சொன்ன ஆறு மாதச் சட்டம் உனக்குக் கிடையாது, அங்கே ஃபூட்ஸ்டூட்ஸ் செல்லும், தெரிந்தே குறையை மறைத்தார் என்று நிரூபித்தால் ஒழிய. அதனால் அவர் வீட்டிலேயே செருகிப் பாட்டு கேட்டுவிட்டுக் காசைக் கொடு.