கோடை வெயிலில் தேனீக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகின்றன. எப்படித் தடுப்பது?

நீங்கள் இந்தியத் தேனீப் பெட்டி இரண்டை மாசியில் வாங்கி மொட்டை மாடியில் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். சித்திரையில் இதைக் கேட்பவர்களில் பலருடைய நிலை அதுதான். இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு நிழல், தண்ணீர் பற்றிய பகுதி பொருந்தும். கூட்டை விட்டு ஓடும் குணம் அதற்குக் குறைவு என்பதால் மற்றதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெயில் ஒரே நாளில் தேனீயை விரட்டுவதில்லை. இரண்டு மூன்று வாரம் முன்பே கூட்டம் கிளம்பத் தயாராகிவிடுகிறது. ஏன் என்று புரிந்தால்தான் தடுக்க முடியும்.

புழுக்கள் வளரும் அடைகளைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் நெடுநேரம் போனால் கூட்டுப்புழு சாகும், அல்லது இறக்கை சுருங்கிய தேனீ வெளிவரும். 2024-இல் ஈரோடு, கரூர் பரமத்தி பக்கம் 42 டிகிரியைத் தாண்டியதே, அப்படிப்பட்ட நாளில் வெளிக்காற்றே புழு அறையைவிட (பெட்டியில் புழு வளரும் கீழ் அறை) சூடு. விசிறினால் மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும். வேலைக்காரத் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அறைகளின் விளிம்பில் மெல்லியதாகத் தடவும். மற்றவை விசிற, அது ஆவியாகிக் கூடு குளிரும். வாசலில் தலையை வெளிப்பக்கம் வைத்து இறக்கை அடிக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தேனீ அப்படித்தான் காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீ தலையை உள்பக்கம் வைத்துக் காற்றை வெளியே இழுக்கும். மாலையில் வாசலில் தேனீக்கள் தாடிபோல் கொத்தாகத் தொங்கினாலும் பயப்பட வேண்டாம். உள்ளே இடம் விட்டு வெளியே வந்திருக்கின்றன, அவ்வளவுதான். அதன்மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், புகை போடாதீர்கள்.

தண்ணீருக்குப் போகும் தேனீ மதுரத்துக்கு, அதாவது பூவில் சுரக்கும் இனிப்பு நீருக்கு, போக முடியாது. விசிறுகிற தேனீ சேமித்த தேனைத் தின்றுதான் விசிறும். அதே நேரம் பூக்களில் மதுரம் காலை ஒன்பது, பத்து மணிக்கே வற்றிவிடுகிறது. வரவு நின்று செலவு கூடுகிறது. ராணி முட்டையைக் குறைக்கும், கடைசிப் புழுவும் தேனீயாகி வெளிவந்ததும் கூட்டம் கிளம்பிவிடும். இதில் நம் பங்கும் உண்டு. பங்குனியில் மேலே இருக்கும் தேன் அறையோடு நிறுத்தாமல், புழு அறையில் அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களின் மேல் ஓரத்துத் தேனையும் வழித்தெடுக்கிறோம். அது கோடைக்கான தேனீக்களின் சாப்பாடு. கை வைக்கக் கூடாது.

முதல் வேலை நிழல். மாடித் தளம் பகல் முழுதும் குடித்த சூட்டை இரவு வெகுநேரம் கக்கும், பெட்டிக்கு ஓய்வே கிடைக்காது. கீழே மரத்தடி இருந்தால் அங்கே கொண்டுபோங்கள். ஆனால் நேராகத் தூக்கி வைத்தால் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து சாகும். இருட்டிய பிறகு வாசலை வலையால் அடைத்து, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நிழலான இடத்தில் இரண்டு வாரம் வைத்துவிட்டுப் புது இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மாடியை விட வழியில்லை என்றால் பெட்டிக்கு ஓர் அடி மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். இடைவெளி முக்கியம். கீற்றை மூடிமேலேயே போட்டால் பயன் பாதிதான். மேல்மூடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, உள்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. வாசல் கிழக்கு பார்த்து இருக்கட்டும், மேற்கு வெயில் உள்ளே அடிக்கக் கூடாது.

பெட்டிமேல் ஈரச் சாக்கு போட எல்லோரும் சொல்வார்கள். ஈரோடு, திருச்சி மாதிரி வறண்ட ஊரில் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நனைத்தால் நல்ல பலன். கன்னியாகுமரி, சென்னைக் கரையில் காற்றே ஈரமாக இருப்பதால் சாக்கு காயாது, குளிராது, உள்ளே பூஞ்சைதான் வரும். அங்கே நிழலும் காற்றோட்டமும் போதும்.

தண்ணீருக்கு அகலமான மண்சட்டி, அதில் கூழாங்கல் அல்லது தேங்காய் நார், தேனீ நின்று குடிக்க. பெட்டியிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, பறக்கும் பாதைக்கு நேர் கீழே வராமல் வையுங்கள். இல்லாவிட்டால் எச்சம் விழும். மாசியிலேயே வைத்துப் பழக்க வேண்டும். ஒரு நாள் வற்றினால் பக்கத்து வீட்டுக் குழாயடிக்குப் பழகிவிடும், பிறகு திருப்புவது கடினம், சண்டையும் வரும்.

உணவு: புழு அறையில் தேன் இல்லை என்றால் வாரம் 200 கிராம் சர்க்கரை, சம அளவு தண்ணீரில் கரைத்து, இருட்டிய பிறகு பெட்டிக்குள் சிறு கிண்ணத்தில், மேலே குச்சிகள் மிதக்க. பகலில் வைத்தால், ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும், பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும். பலவீனமான கூடு ஒரே மதியத்தில் காலியாகும். வாசலை ஓர் அங்குலத்துக்குச் சுருக்கிவிடுங்கள், காற்றுக்கு மேல்மூடியின் வலைத் துளை இருக்கிறது. தேனீக்கள் மேலே உட்காராமல் வெறுமையாகக் கிடக்கும் அடைகளை எடுத்துவிடுங்கள், அங்கேதான் மெழுகுப் பூச்சி நுழைகிறது. தாங்கிக் கால்களின் கிண்ணத்தில் தண்ணீர் வற்றினால் அன்றிரவே எறும்பு ஏறும்.

பெட்டியைக் காலை எட்டுக்குள் மட்டும் திறங்கள். மதியச் சூட்டில் மெழுகு இளகியிருக்கும், புது அடை தேன் கனத்தோடு சட்டத்திலிருந்து அறுந்து விழும், ராணி நசுங்கும். முட்டை இல்லை, மகரந்தம் சுமந்து வரும் தேனீயும் இல்லை என்றால் கிளம்பப் போகிறது. வலுவான பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தைக் கொடுங்கள். புழு இருக்கும் கூட்டை அவ்வளவு எளிதில் விட்டுப் போகாது. வாசலில் ராணித் தடுப்பு (ராணி நுழைந்து வெளியேற முடியாத சிறு துளைத் தகடு) மாட்டுவது சில நாள் தாமதம் மட்டும்தான், பசியையும் சூட்டையும் அது தீர்க்காது.

சர்க்கரை என்றதும் "அப்போ தேனே கலப்படம்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: கோடையில் தேன் அறையை எடுத்துவிட்ட பிறகே பாகு கொடுக்கிறோம். அது புழுவுக்குப் போகிறது, பாட்டிலுக்கு வருவதில்லை. மதுர வரத்து தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும், அப்போதும் கொடுப்பவர் செய்வது தவறுதான். ஆனால் ரப்பர்த் தேன் (ரப்பர் தோட்டத்தில் கிடைக்கும் தேன்) உறைந்ததைப் பார்த்துச் சர்க்கரை என்று திருப்பிக் கொடுப்பது என்ன நியாயம்? ரப்பர்த் தேனில் குளுக்கோஸ் அதிகம், சில வாரத்திலேயே உறையும். காகிதத்தில் சொட்டு விடுவதும் தீக்குச்சி கொளுத்துவதும் எதையும் நிரூபிக்காது. உறைந்த பாட்டிலைக் கை பொறுக்கும் வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள்.