மேகக் கைகளும் பேருந்துப் படியும்

அன்புள்ள சார்,

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மூட்டுவலிக்காக மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சிலரோடு சேர்ந்து காலையில் தாய் சி என்ற மெதுவான சீனப் பயிற்சி பழகுகிறேன். அதில் கைகளை மாற்றி மாற்றிச் சுழற்றும் 'மேகக் கைகள்' என்ற அசைவை நான் செய்வதைப் பார்த்த மகனின் நண்பர், குங்ஃபூ கற்றவர், "ஆன்ட்டி, இது ஒரு தடுப்பு. குத்து எங்கிருந்து வருதுன்னு தெரியாம செஞ்சா வெறும் கையசைப்புதான்" என்றார். எங்கள் பயிற்சியாளரோ, "எதையும் நினைக்காதீர்கள், மூச்சை மட்டும் கவனியுங்கள்" என்கிறார். யார் சொல்வது சரி? பொருள் தெரியாமல்தான் செய்துகொண்டிருக்கிறேனா?

வாசகி, மந்தைவெளி

அன்புள்ள அம்மா,

இல்லை. இருவரும் அவரவர் தேவையிலிருந்து பேசுகிறார்கள். உங்கள் தேவை வேறு.

அந்தத் தம்பி சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. ஹெனான் மாகாணத்தின் சென் குடும்பத்து ஊரில் வளர்ந்த போர்க்கலை தாய் சி. அங்கே கற்ற யாங் லூசான் (1799–1872) அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ துள்ளலையும் திடீர் வேகத்தையும் விலக்கி, ஒரே சீராக, மெதுவாகச் செய்யும்படி அமைத்துப் பலருக்கும் கற்பித்தார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, யாங் மரபிலிருந்து 24 அசைவுகள் கொண்ட தொகுப்பைப் பொதுமக்களின் உடல்நலத்துக்காக உருவாக்கியது. கற்பவர் யார், எதற்காகக் கற்கிறார் என்பது மாற மாற அசைவின் பொருளும் மாறியது. இதை நான் சீரழிவாகப் பார்க்கவில்லை.

மயிலாப்பூர் பக்கம் இருப்பவர், பரதம் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். விரல்களைச் சேர்த்து நீட்டிப் பிடிக்கும் பதாகக் கை ஒன்றுதான். மேகத்துக்கும் அதுவே, காட்டுக்கும் நதிக்கும் அதுவே, 'வேண்டாம்' என்று தடுப்பதற்கும் அதுவே. பாட்டின் வரியும் ஆடுபவரின் கண்ணும் சேர்ந்தால்தான் எதைக் காட்டுகிறார் என்று தெரியும். அதற்காக விரல்களை இஷ்டத்துக்கு விரித்துப் பிடித்தால் நட்டுவனார் விடுவாரா?

இங்கேயும் அப்படித்தான். எந்த நோக்கத்தோடு செய்தாலும் மேகக் கைகளில் இடுப்பு திரும்ப வேண்டும், கை அதன் பின்னால் வர வேண்டும். எடை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு முழுதாக மாற வேண்டும். முட்டி, கால்விரல் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும். கையை மட்டும் சுழற்றினால் எதிராளியின் குத்தும் விலகாது, உங்கள் மூட்டுக்கும் பயன் இல்லை. பயிற்சியாளரின் பின்னால் நின்று பார்த்துப் பழகுகிறவர்களுக்கு இது பெரும்பாலும் நழுவிப் போகிறது. கண்ணில் படுவது கைதான். எடை எந்தக் காலில் என்பது வெளியே தெரிவதில்லை. அதனால்தான் 'எதையும் நினைக்காதே' என்பது தொடக்கத்தில் இருப்பவர்களுக்குச் சரியான அறிவுரை என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் நினைப்பு பாதத்தில் இருக்கட்டும்.

பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. வாரம் இருமுறை, 24 வாரங்கள் தாய் சி பழகியவர்களுக்கு உடலின் சமநிலை மேம்பட்டது. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் விழுந்ததும் குறைவு. குத்தைத் தடுப்பதற்கா அவர்கள் பழகினார்கள்? கீழே விழாமல் நிற்பதற்கு. உங்களுக்கும் அதுதானே வேண்டும்? மாநகரப் பேருந்தில் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும்போதே வண்டி நகர்கிறது. மழை நாளில் நடைபாதைக் கல் காலடியில் ஆடுகிறது. அந்த நொடியில் எடையை மாற்றத் தெரிந்த கால் உங்களுக்கு இருந்தால், நீங்கள் செய்யும் மேகக் கைகளுக்கு முழுப் பொருள் இருக்கிறது. போர்வீரனின் பொருளுக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

சரி, அந்தத் தம்பியை ஒதுக்கிவிட வேண்டாம். 'டுய் ஷோ' என்று ஒன்று உண்டு: இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகளை ஒட்டவைத்து, மெல்லத் தள்ளியும் விட்டுக்கொடுத்தும் பழகுவது. அதை மிக மெதுவாக உங்களோடு செய்யச் சொல்லுங்கள். இன்னொருவரின் கை அழுத்தும்போது, எந்தப் பக்கம் சாய்கிறோம், எங்கே விறைக்கிறோம் என்பது உடனே தெரியும். தனியாகச் செய்யும்போது அது அவ்வளவு எளிதில் பிடிபடாது. அப்புறம் பூங்காவில் மறுபடி மேகக் கைகள் செய்யும்போது வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள்.

முட்டியை மடித்து ஆழமாக மட்டும் தாழ வேண்டாம். மூட்டு வலிக்காத உயரத்திலேயே செய்யுங்கள். வலி கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.