பின்வரிசையில் உட்காருவதால் என்ன பயன்?

தங்கைக்கு,

வாஷிங்டன் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, சர்வதேச நாணய நிதியத்தில் ஒரு செயல் இயக்குநரின் (நாடுகளின் சார்பில் நிதியத்தின் இயக்குநர் குழுவில் உட்காருபவர்) அலுவலகத்தில் இரண்டு வருட ஆலோசகர் பணி என்று எழுதியிருந்தீர்கள். முதல் இயக்குநர் குழுக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் இயக்குநர் சில நிமிடம் பேசினார். யாரும் கை தூக்கவில்லை, வாக்கெடுப்பும் இல்லை, தீர்மானம் நிறைவேறிவிட்டது. "பெரிய நாடுகள் முன்பே பேசி முடித்துவிடுகின்றன என்றால் நான் இங்கே உட்காருவதால் என்ன பயன் அக்கா? பேசாமல் இரண்டு வருடம் முடிந்ததும் இங்கேயே வேறு வேலை தேடித் தங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்களைப் போல இரண்டு வருடத்துக்கென்று, சர்வதேச அமைப்புகளின் ஊழியர்களுக்கான ஜி-4 விசாவில் வந்தவள்தான். இருபது வருடம் ஓடிவிட்டது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கை தூக்காத விஷயம். நிதியத்தின் விதிமுறையே அப்படித்தான். தலைமை வகிப்பவர் வழக்கமாக வாக்கெடுப்பு நடத்தாமல், கூட்டத்தின் போக்கைக் கணித்து முடிவை அறிவிப்பார். ஆனால் அந்தக் கணிப்புக்குப் பின்னால் எல்லோர் மனதிலும் வாக்குக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவிடம் சுமார் 16.5 சதவீதம். ஜப்பானிடமும் சீனாவிடமும் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்தியாவிடம் 2.6. கோட்டாவை, அதாவது நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள பங்கை, மாற்றவும் சாசனத்தைத் திருத்தவும் 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவின் பங்கைக் கழித்தால் மிச்சம் 83.5தான். மற்ற எல்லா நாடும் ஒன்றாகச் சேர்ந்தாலும் அந்த ஒரு நாடு தலையசைக்காவிட்டால் இவற்றில் எதுவும் நகராது.

கோட்டா என்பது வெறும் வாக்கு இல்லை. ஒரு நாடு எவ்வளவு பணம் போட வேண்டும், எவ்வளவு கடன் வாங்கலாம், நிதியம் புதிதாக எஸ்டிஆர் (டாலர், யூரோ போன்ற நாணயமாக மாற்றிக்கொள்ளக்கூடிய, நிதியமே உருவாக்கும் கையிருப்புச் சொத்து) ஒதுக்கினால் அதில் பங்கு எவ்வளவு, எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். 2021 ஆகஸ்டில், தொற்றுக் காலத்தில், 650 பில்லியன் டாலர் மதிப்புக்கு எஸ்டிஆர் ஒதுக்கினார்கள். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 33 பில்லியன். அமெரிக்காவுக்கு மட்டும் 110 பில்லியனுக்கு மேல். அந்தப் பணம் தேவைப்படாத நாட்டுக்குத்தான் அதிகம் போனது. யாரும் சூழ்ச்சி செய்யவில்லை, சூத்திரத்தின்படி தானாக அப்படிப் பிரிந்தது. என்னை இன்றைக்கும் உறுத்துவது இதுதான்.

அப்புறம் நாற்காலி. நிதியத்தில் 191 உறுப்பு நாடுகள், இயக்குநர் குழுவில் 25 நாற்காலிகள். 2024 நவம்பர் வரை 24தான் இருந்தது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதற்கு முன் இரண்டே இரண்டு இயக்குநர்கள், இப்போது மூன்று பேர். அமெரிக்கா, சீனா போன்ற சில நாடுகளுக்குத் தனி நாற்காலி, மற்றவர்கள் தொகுதி தொகுதியாகச் சேர்ந்து உட்கார வேண்டும். இந்தியாவின் தொகுதியில் வங்கதேசம், இலங்கை, பூடான். கனடாவின் தொகுதியில் அயர்லாந்தும் ஜமைக்கா, பார்படோஸ் போன்ற கரீபியத் தீவுகளும். ஒரு தொகுதியின் வாக்கைப் பிரித்துப் போட முடியாது, இயக்குநர் மொத்தமாக ஒரு பக்கம்தான் போடலாம். 2023 மார்ச்சில் இலங்கையின் சுமார் 3 பில்லியன் டாலர் கடன் திட்டம் இந்த மேசைக்கு வந்தபோது, இலங்கைக்கென்று தனி நாற்காலி இல்லை. தன் திட்டத்தைப் பற்றிய கூட்டத்திலேயே ஒரு நாடு இன்னொருவரின் நாற்காலி வழியாகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இதை மாற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே ஒரு பதில் வரும். வந்த புதிதில் நானும் அதை நம்பினேன். "நாற்காலியைக் கூட்டினால் கூச்சல்தான் கூடும், முடிவு எடுக்க முடியாது. நெருக்கடி வந்தால் ஒரு வாரத்தில் பணம் போக வேண்டும், இருநூறு பேரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இத்தனை வருடத்தில் நான் பார்த்த பெரிய தாமதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எதுவும் சின்ன நாடுகள் அதிகம் பேசியதால் வந்ததில்லை.

2010 டிசம்பரில் கோட்டாவை இரட்டிப்பாக்கி, வளரும் நாடுகளுக்குக் கொஞ்சம் பங்கை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் 2015 டிசம்பர் வரை வரவில்லை, அவ்வளவுதான் காரணம். 2023 டிசம்பரில் கோட்டாவை 50 சதவீதம் உயர்த்தத் தீர்மானித்தார்கள். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் என்பதால் யார் பங்கும் மாறவில்லை. உலக உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு வைத்திருக்கும் சீனா அதே ஆறு சதவீத வாக்கோடு நிற்கிறது. ஜாம்பியாவைப் பாருங்கள். 2020 நவம்பரில் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு 2023 ஜூனில், கடன் பத்திரம் வாங்கியவர்களோடு 2024இல். கடன் கொடுத்தவர்கள் தங்களுக்குள் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று இழுத்த இழுப்பில் போன வருடங்கள் அவை. அதே சமயம் 2020 ஏப்ரலில், தொற்று பரவத் தொடங்கிய சில வாரங்களிலேயே, மிக ஏழ்மையான 25 நாடுகளுக்குக் கடன் தவணை நிவாரணத்தை இதே குழுதான் கொடுத்தது. மனமிருந்தால் இந்த மேசை வேகமாக நகரும்.

சரி, எல்லோருக்கும் சமமான குரல் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. உலக வர்த்தக அமைப்பில் 166 உறுப்பினர்கள், யாரும் ஆட்சேபிக்காவிட்டால்தான் முடிவு. தாளில் பார்த்தால் இதைவிட ஜனநாயகம் இல்லை. ஆனால் வர்த்தக வழக்குகளுக்கான, ஏழு பேர் இருக்க வேண்டிய மேல்முறையீட்டு அமைப்புக்குப் புது நியமனங்களை அமெரிக்கா ஒன்றே தடுத்தது. ஒரு வழக்கை விசாரிக்க மூன்று பேர் வேண்டும். 2019 டிசம்பரில் இருவரின் பதவிக்காலம் முடிந்து ஒருவர்தான் மிஞ்சினார். வழக்கில் தோற்ற நாடு அங்கே மேல்முறையீடு செய்தால் வழக்கு அந்தரத்தில் தொங்குகிறது. எல்லோருக்கும் தடுக்கும் உரிமை கொடுத்தால், அதைப் பயன்படுத்தத் தெம்பு இருப்பவர்தான் பயன்படுத்துகிறார்.

கடன் கொடுப்பவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இங்கே கடனாகப் போவது உறுப்பு நாடுகளின் கையிருப்புப் பணம். வாங்குபவர்கள் மட்டுமே முடிவெடுத்தால் கொடுப்பவர் பணத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோவார். பிரிக்ஸ் நாடுகள் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியில் நிறுவிய ஐந்து நாடுகளுக்கும் சமப் பங்கு, தனியாகத் தடுக்கும் அதிகாரம், அதாவது வீட்டோ, யாருக்கும் இல்லை. நல்ல விஷயம். ஆனால் அதே நாடுகள் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் 100 பில்லியன் டாலர் கையிருப்பு ஏற்பாட்டில், ஒரு நாடு தன் வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் எடுக்க வேண்டுமானால் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தில் இருக்க வேண்டும். மாற்று கட்டியவர்களும் கடைசியில் இந்தத் தெருவுக்குத்தான் வருகிறார்கள். அதனால் இந்த இடத்தைச் சரிசெய்வதே முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

எப்படி என்றால், எனக்குப் பிடித்த வழி இரட்டைப் பெரும்பான்மை. பணத்தின் எடையிலும் பெரும்பான்மை வேண்டும், நாடுகளின் எண்ணிக்கையிலும் வேண்டும். இது கனவு இல்லை. நிதியத்தின் சாசனத்தைத் திருத்த ஏற்கெனவே உறுப்பு நாடுகளில் ஐந்தில் மூன்று பங்கும் 85 சதவீத வாக்கும் சேர்ந்து வேண்டும். உலகச் சுற்றுச்சூழல் நிதியம் வாக்கெடுப்புக்குப் போனால் நாடுகளில் 60 சதவீதம், நிதிப் பங்களிப்பில் 60 சதவீதம் என்று இரண்டையும் கேட்கும். இதையே தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதும் வைக்கலாம். நிதியத்துக்கு எப்போதும் ஐரோப்பியர், தெருவுக்கு அந்தப் பக்கம் உலக வங்கிக்கு எப்போதும் அமெரிக்கக் குடிமகன் என்ற எழுதாத ஒப்பந்தம் அப்போது தாங்காது. அதோடு 85ஐக் கொஞ்சம் இறக்கினால் தனி ஒருவரின் வீட்டோவும் போய்விடும். ஐரோப்பிய நாடுகள் தங்கள் நாற்காலிகளில் ஒன்றிரண்டை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆனால் தங்கை, நாற்காலி மட்டும் போதாது என்பதை நான் ஒரு வெள்ளிக்கிழமையில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் இருந்த அலுவலகம் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளுக்காகப் பேசியது. ஆலோசகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. வெள்ளிக்கிழமை மாலை ஒரு சின்ன பசிபிக் தீவு நாட்டைப் பற்றிய அறிக்கை வந்தது. இணைப்புகளோடு நூறு பக்கத்துக்கு மேல். அங்கே அப்போது சனிக்கிழமை காலை. அந்த நாட்டு நிதியமைச்சகத்தில் எங்களோடு பேசுகிறவர் ஒரே ஓர் அம்மாதான். பட்ஜெட்டும் அவரே, கடன் கணக்கும் அவரே. நான் மின்னஞ்சலில் அறிக்கையை அனுப்பிவிட்டு அடுத்த நாட்டின் கோப்பைத் திறந்துவிட்டேன். அந்த வாரம் மட்டும் என் மேசையில் நான்கு நாடுகள் இருந்தன. எங்கள் எழுத்துமூல அறிக்கையை, நாம் 'கிரே' என்கிறோமே, அதை நானே யூகித்து எழுதினேன். கூட்டம் காலை பத்து மணிக்கு. அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. மறுநாள் நான் வந்தபோது அந்த அம்மாவின் பதில் காத்திருந்தது. மூன்று பக்கம். மீன்பிடி உரிமத்திலிருந்து வரும் வருமானத்தை அறிக்கை கூடுதலாகக் கணக்கிட்டிருக்கிறது, அந்த வருடம் அவ்வளவு வராது, அதை வைத்துச் சம்பளச் செலவுக்கு வரம்பு போட்டால் செவிலியர்களை நிறுத்த வேண்டிவரும் என்று எண்களோடு எழுதியிருந்தார். நான் எழுதிய கிரேயில் அதே வருமான மதிப்பீட்டை வரவேற்றிருந்தேன்.

கூட்டம் முடிந்துவிட்டது. அவருக்கு நாற்காலி இருந்தது, வாக்கு இருந்தது, பேச ஆள் இருந்தது. ஒரு போன் மட்டும் போகவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அந்தப் பரவாயில்லை இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பின்வரிசைக்குப் பயன் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் தலைவர் தொகுப்புரை வாசிப்பாரே, அதைக் கவனித்துக் கேளுங்கள். 'சில இயக்குநர்கள்', 'பல இயக்குநர்கள்', 'பெரும்பாலான இயக்குநர்கள்' என்று வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அங்கே எண்ணுவது இயக்குநர்களின் தலையை, வாக்குச் சதவீதத்தை அல்ல. 16 சதவீதக்காரரும் ஒரு தலை, 2 சதவீதக்காரரும் ஒரு தலை. 'சில' என்பது 'பல' ஆவதற்கு இன்னும் சில அலுவலகங்கள் தங்கள் கிரேயில் ஒரே கருத்தை எழுதினால் போதும். அதற்கு வேண்டியது கூட்டத்துக்கு முன்னால் பக்கத்து அலுவலக ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுவதும், தலைநகரத்திலிருந்து வந்த சரியான எண்ணைக் கையில் வைத்திருப்பதும். அடுத்த முறை ஊழியர்கள் அறிக்கை தயாரிக்கும்போது அந்த வரியைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

தங்கிவிடலாமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். நான் தங்கினேன். வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கற்றதெல்லாம் இந்தத் தெருவிலேயே இருந்துவிட்டது. நான் வந்த அமைச்சகத்தில் இன்றைக்கும் அறிக்கை போனால் அதை முதன்முறையாகப் படிக்கும் ஒருவர்தான் எடுக்கிறார். எந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. நீங்கள் திரும்பிப் போனால் அந்த நாற்காலியின் மறுமுனையில் விஷயம் தெரிந்த ஒருவர் இருப்பார். உங்கள் குடும்ப நிலைமை எனக்குத் தெரியாது, தங்க வேண்டிய காரணம் இருந்தால் குற்றவுணர்ச்சி வேண்டாம். முடியுமென்றால் போங்கள்.

இப்போதைக்கு, திங்கட்கிழமை உங்கள் தொகுதியில் உள்ள ஒவ்வொரு நாட்டின் நிதியமைச்சகத்திலும் மத்திய வங்கியிலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயரும் எண்ணும் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் அவர்கள் ஊர் நேரத்தையும் எழுதி வையுங்கள். பழைய பட்டியல் ஒன்று அலுவலகத்தில் இருக்கும், அதில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள். ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.