பெயர்ப் பட்டியல் ஏன் இல்லை? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்பின் ஆசிரியருக்கு,

உங்கள் இதழைச் சில வருடங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஒவ்வோர் இதழின் கடைசிப் பக்கத்திலும் ‘ஆதரவு நல்கிய அனைவருக்கும் நன்றி’ என்ற ஒற்றை வரி மட்டுமே இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் விளம்பரமோ கட்சியொன்றின் ஆதரவோ இல்லாமல் வெளிவரும் இதழுக்கு உதவுகிறவர்கள் யாரென்று வாசகர்கள் அறிய வேண்டாமா? பெயர்களை வெளியிட்டால் மற்றவர்களும் முன்வருவார்களே! எங்கள் பகுதியில் நான் செய்யக்கூடியது ஏதும் இருந்தால் அறியத் தாருங்கள்.

– ஒரு வாசகர், பண்டாரவளை

அன்பின் நண்பருக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. அதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

நம் இதழை வாங்கிப் பிறர் கையில் சேர்ப்பவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலேயே குடியிருப்பவர்கள். சம்பளப் பிடித்தங்களைப் பற்றியும் கூரை ஒழுகும் லயக் காம்பிராக்களைப் பற்றியும் எழுதுகிற ஓர் இதழோடு அவர்களுடைய பெயர் சேர்ந்து அச்சானால், மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவர்கள் யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டு நிற்க நேரலாம். அந்தச் சுமையை அவர்கள் தலையில் ஏற்றிவைக்க எனக்கு உரிமையில்லை. மேலும், பட்டியல் என்று வந்துவிட்டால் அது பெரும்பாலும் தொகையின் வரிசையில்தான் அமையும். வெளிநாட்டிலிருந்து பெருந்தொகை அனுப்பியவர் மேலேயும், சம்பளத்தன்று சந்தாக் காசைத் தனியே முடிந்துவைத்துக் கொடுக்கும் கொழுந்து பறிக்கிற அம்மா கீழேயும் வருவார்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர 2021 வரை காத்திருந்து போராட வேண்டியிருந்த மக்களிடமிருந்து வரும் சந்தாவை அப்படிக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெயரைச் சொல்லாமல், நடப்பதை மட்டும் சொல்கிறேன். இதழ் அச்சாகி வந்ததும் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கட்டு ஏறும். அதைக் கொண்டுபோகும் நடத்துநர் கூலி வாங்குவதில்லை. சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து வைத்து, நோர்வூட்டில் ஒரு சலூன்காரரிடம் இறக்கிக் கொடுக்கிறார். யாருக்கு எத்தனை பிரதி, யார் காசு தந்துவிட்டார், யார் அடுத்த சம்பளத்துக்குத் தருவார் என்பதையெல்லாம் அந்தச் சலூன்காரர் ஒரு பாடசாலைக் கொப்பியில் பென்சிலால் குறித்து வைக்கிறார். ஒருமுறை கணக்குப் பார்க்கும்போது அந்தக் கொப்பியைப் புரட்டினேன். சில பெயர்களுக்கு எதிரே ‘காசு கேட்க வேண்டாம், பிள்ளை படிக்குது’ என்று எழுதியிருந்தது. ஆனால் அவர் எனக்கு அனுப்பும் தொகையில் என்றைக்கும் ஒரு பிரதியின் காசுகூடக் குறைந்ததில்லை. அந்தப் பிரதிகளுக்கு யார் பணம் கட்டுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவராக அதை ஒருநாளும் சொன்னதில்லை.

2022இல் அந்நியச் செலாவணி இல்லாமல் காகித இறக்குமதி முடங்கி, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அச்சுச் செலவு முழுவதையும் முற்பணமாகக் கட்ட வேண்டிய நிலை வந்தபோது, சந்தா இன்னும் முடியாதவர்கள்கூட அடுத்த வருடத்துக்கு உரியதைச் சேர்த்துக் கட்டினார்கள், எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டே தொலைபேசியில் கூப்பிட்டு “இதழ் வருமா?” என்று கேட்டவர்களும் உண்டு. நமக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பக்கங்களைக் குறைத்தாக வேண்டும் என்று அறிந்ததும், தமது கட்டுரையைத் தாமே பாதியாக வெட்டி, “புதிதாக எழுத வந்த பிள்ளைகளின் எழுத்தில் கைவைக்காதீர்கள்” என்ற குறிப்போடு அனுப்பினார். அந்த இதழ் மெலிந்துதான் வந்தது, ஆனால் வந்தது.

இருந்தாலும், பெயர்கள் பதிவாக வேண்டும் என்ற உங்கள் கருத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் 1920களில் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தியதையும், அவருடைய மனைவி மீனாட்சியம்மை அதற்காக உழைத்ததோடு தொழிலாளர் நடுவே தம் பாடல்களைப் பாடியதையும் நாம் படிக்கிறோம். அந்தனி ஜீவாவின் ‘கொழுந்து’, 2000ஆம் ஆண்டில் கண்டியில் தி. ஞானசேகரன் தொடங்கிய ‘ஞானம்’ என்று இதழ்களை நடத்திய ஆசிரியர்களின் பெயர்களும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் தோட்டத்தை நிர்வகித்த துரைமார் வெளியாரைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் பத்திரிகையை மடித்து மறைத்து லயத்துக்கு லயம் கொண்டுபோனவர்கள், எழுத்தறியாதவர்களுக்கு இரவில் விளக்கடியில் வாசித்துக் காட்டியவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தேடினால் எங்கும் அகப்படுவதில்லை. நம் மக்களுக்கு அப்படியொரு நட்டம் மீண்டும் நேரக்கூடாது. ஆகவே, இதழுக்காக உழைப்பவர்கள் செய்ததை அவரவர் இசைவோடு ஒரு பதிவேட்டில் எழுதி வருகிறேன். தொகை அதில் இடம்பெறாது. செய்த வேலை மட்டுமே இருக்கும். உரியவர் விரும்பும்போது அது அச்சாகும், அதுவரை என்னிடமே இருக்கும்.

உங்கள் பகுதியில் செய்ய வேண்டியது நிறையவே இருக்கிறது. ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இதழ் கொண்டுபோக இப்போது ஆளில்லை. பதுளை பஸ்ஸில் வரும் கட்டைப் பண்டாரவளையில் இறக்கி எடுத்து, அந்தத் தோட்டத்துப் பாடசாலைகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை விற்பனைக்கு வைக்க உங்களால் முடியுமானால் எழுதுங்கள். அடுத்த இதழிலேயே உங்களுக்கும் ஒரு கட்டு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்